எண்பத்தெட்டாம் பக்கம்

பத்து பாகாட்
9 ஜனவரி 2025

அன்புள்ள மச்சான் குணாளன் அவர்களுக்கு,

உங்கள் ஓட்டுநர் நேற்று முன்தினம் என் அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போன இரண்டு பொருள்களும் கிடைத்தன. ஒன்று, உங்கள் வாழ்க்கை வரலாற்றின் தட்டச்சுப் படி, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மற்றது ஒரு பழக்கூடை. பழக்கூடையை அலுவலகப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டேன். தட்டச்சுப் படியையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது என்பதால் நானே படித்தேன்.

நீங்கள் அனுப்பிய ஏழு குரல் செய்திகளை நான் கேட்கவில்லை. எழுத்தில் இருப்பதைத்தான் பிற்பாடு எவரும் மறுக்க முடியாது என்பது முப்பத்து நான்கு ஆண்டுத் தொழிற்பழக்கம். தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 2018 வரை நான் உங்கள் வழக்கறிஞர். அதன் பின் இல்லை. இந்நூலை உங்கள் தங்கை புஷ்பவள்ளியின் கணவன் என்ற முறையில் மட்டுமே படித்தேன். கட்டணம் கேட்கவில்லை. ஆகவே இக்கடிதம் சட்ட ஆலோசனையும் ஆகாது, நமக்குள் இரகசியமாக இருக்க வேண்டியதும் ஆகாது.

முதலில் தலைப்பு. 'கஜக்கோலும் செங்கோலும்' என்பதில் கஜக்கோல் குறித்து எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்காக்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணி அளந்து விற்றீர்கள். ஆனால் இரண்டாவது கோலைக் கையில் வைத்திருக்க இந்த மாநிலத்தில் சுல்தான் ஒருவருக்கே உரிமை உண்டு. அவர் நீங்கள் அல்லர். நீங்கள் ஒரு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

நாற்பதாம் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி மறியலில் மழையில் நனைந்து நின்றதாக எழுதியிருக்கிறது. அந்த வாரம் நீங்கள் துணி எடுக்க சூரத்துக்குப் போயிருந்தீர்கள். புஷ்பவள்ளிக்கு ஒரு சேலை வாங்கி வந்தீர்கள். அது இன்னும் இருக்கிறது, சாயம்தான் போய்விட்டது.

இவையெல்லாம் கேலிக்கு மட்டுமே ஆளாகும் பொய்கள். அறுபத்தோராம் பக்கம் அப்படிப்பட்டதன்று. அங்கே இருக்கும் வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "2009-இல் லெடாங் மலையடிவாரத் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, அங்கே மூன்று தலைமுறையாக வாழ்ந்த பதினான்கு குடும்பங்களின் வீட்டு மனைகளை என் சொந்தப் பணத்தில் வாங்கி, அவர்களுக்கே உரிமையாக வழங்கினேன்." இதில் 'வாங்கி' என்ற சொல் வரை உண்மை. பதினான்கு நிலப்பட்டாக்களும் இன்றும் உங்கள் பெயரில் இருக்கின்றன. நில அலுவலகத்தில் எவரும் கேட்டுப் பார்க்கலாம். நானும் நேற்று அப்படித்தான் பார்த்தேன்.

அந்த வாக்கியத்தை நீக்குங்கள். அல்லது உண்மையாக்குங்கள். உண்மையாக்க ஒரு காலைப்பொழுது போதும்.

அன்புடன்,
கிரகோரி


தங்காக்
16 ஜனவரி 2025

மாப்பிள்ளைக்கு வணக்கம்,

பொங்கல் வாழ்த்து. லெட்டர் எழுதினா லெட்டர்லதான் பதில் சொல்லணும்னு புஷ்பா சொன்னா. எனக்கு எங்க நேரம்? நான் பேசுறேன், ஆபீஸ்ல லோஷினி டைப் அடிக்குது. ஒரு வார்த்தை விடாம அடிக்கச் சொல்லியிருக்கேன். போன மாசம் என் பேச்சை அழகுபடுத்துறேன்னு பாதியை முழுங்கிடுச்சு.

செங்கோல் மேட்டர் நல்லவேளை சொன்னீங்க. படிச்ச அஞ்சாவது நிமிஷம் பிரிண்டர் லிம்முக்குப் போன் போட்டேன். இப்ப தலைப்பு 'கஜக்கோலும் மக்கள் பணியும்'. அதுல யாருக்கும் கோவம் வராது இல்ல?

சூரத்து விஷயம். உடம்பு அங்க இருந்துச்சு, மனசு மறியல்லதான் இருந்துச்சு. எழுதிக் குடுத்த சின்னத்தம்பி வாத்தியாரே அப்படித்தான் எழுதணும்னாரு. அவரு ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியாரு, உங்களைவிட தமிழ் தெரியும்.

அந்தப் பதினாலு வீடு. மாப்பிள்ளை, இத்தனை வருஷத்துல யாராச்சும் அவங்கள வெளிய போன்னு சொன்னோமா? வாடகை கேட்டேனா? இருக்கிறவனுக்குத்தான் வீடு. பட்டால யாரு பேரு இருந்தா என்ன லா. நீங்க பேப்பரைப் பாக்குறீங்க, நான் மனுசனைப் பாக்குறேன். பேப்பரைப் பாக்குற ஆளுக்கு ஓட்டு விழாது. லோஷினி, இதைத் தனியா குறிச்சு வை, மீட்டிங்ல சொல்லலாம்.

நீங்க எடுக்கச் சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே அதைப் பெருசாக்கிட்டேன். லிம் சொன்னாரு, எண்பத்தெட்டு ராசியான நம்பராம். முழுசா எண்பத்தெட்டாம் பக்கம் அதுக்குத்தான். நம்ம கடையில துணி கிழிக்கிற கிருஷ்ணம்மா அங்கதானே குடியிருக்கா, அவ கையில நான் சாவி குடுக்கிற மாதிரி போட்டோ. சாவிக்கு எங்க போறது? அவ வீட்டுச் சாவியையே வாங்கி அவகிட்டயே குடுத்தேன். ரொம்ப இயற்கையா வந்திருக்கு.

வருஷம் பூரா கமா, புள்ளி பாத்தே உங்களுக்கு முடி கொட்டிப் போச்சு. கொஞ்சம் வெளிய வாங்க.

குணாளன்
சட்டமன்ற உறுப்பினர்


பத்து பாகாட்
3 பிப்ரவரி 2025

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் செயலாளர் சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்கிறார். அவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் நம்பத் தகுந்த ஆவணம் அவர் கையிலிருந்து மட்டுமே வரும் போலிருக்கிறது.

சனிக்கிழமை தங்காக்கில் ஒரு திருமணத்துக்கு வந்தேன். சட்டைத் துணி வாங்க உங்கள் கடைக்குள் நுழைந்தேன். கிருஷ்ணம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க ஐயா. நம்ம ஒய்.பி. குணாளன் புக்ல என் போட்டோ வருது, தெரியுங்களா? என் சாவிய வாங்கி எனக்கே குடுத்தாரு. அதுக்குள்ள பூட்டை மாத்தாம விட்டாரே."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. துணியை விரித்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் நாலு பேரு வந்து வீட்டு ஓரமெல்லாம் சிவப்புக் குச்சி நட்டுட்டுப் போனாங்க. கேட்டா ரோடு வருதுன்றாங்க. ரோடு என் குசினி அடுப்பு நடுவுலயா ஐயா போகும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

"2009-ல நீங்கதானே வீடு வீடா வந்து எங்க ஐசி கார்டு நம்பரெல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்க. அந்தப் பேப்பரு என்னங்க ஆச்சு?"

"அதைப் பற்றி நான் பேச முடியாதம்மா."

"முடியாதா, கூடாதா?"

"இரண்டும்."

"சரிங்க. ரெண்டரை மீட்டரா, மூணா?"

இரண்டரை மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். உங்கள் வழக்கறிஞராக இருந்தபோது நான் அறிந்தவற்றை அவரிடம் சொல்லவில்லை. எவரிடமும் சொல்லமாட்டேன், இக்கடிதத்திலும் எழுதவில்லை. ஆனால் ஆயிரம் பிரதி அச்சடித்து நீங்களே விற்கப்போகும் ஒன்றை நான் காக்கும் இரகசியமாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குச்சிகள் எதற்கு? நிலத்தை விற்கிறீர்களா? விற்பதாக இருந்தால், எண்பத்தெட்டாம் பக்கம் அறியாமையால் நேர்ந்த பிழை என்ற தகுதியையும் இழந்துவிடும். இரண்டாம் முறையாகச் சொல்கிறேன், அதை நீக்குங்கள்.

கிரகோரி


தங்காக்
20 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

என் கடைக்கு வந்து என் ஆளுகிட்டயே விசாரணை பண்றீங்க. ரெண்டரை மீட்டர் துணிக்கு டிஸ்கவுண்ட் வேற குடுத்தாளாம்.

மறைக்க என்ன இருக்கு? ஆமா, விக்கிறேன். ஒரு கம்பெனி அங்க சரக்கு வைக்கிற கிட்டங்கி கட்டக் கேக்குது, நெடுஞ்சாலை பக்கத்துல இருக்கு இல்ல. 2009-ல நீங்க எழுதின பத்திரத்துல நான் சைன் போடல, ஆமா. போட்டிருந்தா இன்னிக்கு இந்த வெலை கெடைக்குமா? உங்க பேச்சைக் கேட்டிருந்தா நான் இன்னும் கஜக்கோல் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்.

அந்தப் பதினாலு குடும்பத்துக்கும் மலிவு வீடு பாத்து வெச்சிருக்கேன். நாலாவது மாடி, அஞ்சாவது மாடி. லிஃப்ட் இருக்கு, அப்பப்ப ஓடும். வாடகைக்குத்தான், ஆனா சுத்தமான எடம். புக்கு ஏப்ரல்ல. காலி பண்ற நோட்டீஸ் ஜூலைல. நடுவுல மூணு மாசம் இருக்கு. ஜனங்க மூணு நாள்ல மறப்பாங்க மாப்பிள்ளை, நான் அஞ்சு தேர்தல் பாத்தவன்.

வெளியீடு ஏப்ரல் 27, மூவார்ல பெரிய மண்டபம். பதினாலு குடும்பத்தையும் பஸ் போட்டுக் கூட்டிட்டு வந்து மேடையில ஏத்துறேன். ஆறடியில ஒரு சாவி செய்யச் சொல்லியிருக்கேன். மந்திரிங்க எல்லாம் பெரிய செக்கு குடுக்கிறாங்க இல்ல, அந்த மாதிரி. நீங்க வந்து நூல் ஆய்வு பேசுங்க. லாயரு பேசினா ஒரு கௌரவம். பத்து நிமிஷம் போதும். குறை சொல்லணும்னா கமாவைப் பத்தி சொல்லிக்குங்க.

அடுத்த தேர்தலுக்கும் சீட்டு வேணும். இந்த வருஷம் டத்தோ பட்டம் வரும்னு ஒரு பேச்சும் இருக்கு. குடும்பத்துல ஒருத்தன் மேல வந்தா மத்தவங்களுக்குத்தானே பெருமை?

குணாளன்


பத்து பாகாட்
5 மார்ச் 2025

மாண்புமிகு குணாளன் அவர்களுக்கு,

மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

ஒருவர் பலர் அறிய, 'இது இனி உங்களுடையது' என்று சொல்கிறார். அதைக் கேட்டவர்கள் நம்பித் தம் பணத்தை அதில் போடுகிறார்கள். பிறகு அவர், 'ஒரு பேச்சுக்குச் சொன்னேன்' என்று விலகப் பார்த்தால், நீதிமன்றம் அவ்வளவு எளிதாக விலக விடாது. பட்டா அவர் பெயரில் இருந்தாலும் இதுவே நிலை. எந்த வழக்கின் முடிவையும் நான் உறுதியாகச் சொன்னதில்லை, இதையும் சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் செய்யத் திட்டமிட்டிருப்பதைவிடத் தெளிவான வாக்குறுதியை, அவர்களுக்காக ஒரு வழக்கறிஞரே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே: புத்தகத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். மேடையில் அவர்கள் வேண்டாம். சாவி வேண்டாம்.

நான் விழாவுக்கு வரவில்லை. புஷ்பவள்ளி வருவாள், உங்கள் தங்கையாகிவிட்டாள், அவளுக்கு வேறு வழியில்லை. உங்கள் தட்டச்சுப் படியை அவளும் படித்துவிட்டாள். "எங்கண்ணன் வாழ்க்கையில முழுசா படிக்கப்போற மொத புக்கு இதுதான். அதையும் புடுங்கிடாதீங்க" என்கிறாள்.

கிரகோரி


தங்காக்
29 ஏப்ரல் 2025

மாப்பிள்ளை,

வராம போயிட்டீங்களே. அறுநூறு பேரு. சாப்பாடு பத்தல, ரெண்டாவது பந்திக்கு மீ கோரேங் வாங்கி வந்து சமாளிச்சோம். மொத புத்தகத்தை ஒரு டத்தோ மேடையேறி வாங்கினாரு. உங்க எடத்துல சின்னத்தம்பி வாத்தியாரே நூல் ஆய்வு பேசினாரு. அவரு எழுதினதை அவரே பாராட்டினாரு, மனுசன் கண்ணுல தண்ணி.

அப்புறம் பதினாலு குடும்பத்தையும் மேல ஏத்தினேன். ஆறடி சாவி, தங்க பெயிண்ட், உள்ள வெறும் பாலிஸ்டிரின். காத்து மாதிரி இருக்கும். ஆனா அவங்க பெரிய கல்லைத் தூக்குற மாதிரி பிடிச்சிக்கிட்டு நின்னாங்க. நான் மைக்ல சொன்னேன்: "இந்த நிமிஷத்துல இருந்து இந்த மண்ணு உங்க மண்ணு. நாளைக்கு என் பிள்ளைங்க வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." கைத்தட்டு நிக்கவே இல்ல.

கிருஷ்ணம்மா இருக்காளே, எங்கிட்டயிருந்து மைக்கையே வாங்கிட்டா. "அப்ப நான் என் குசினியை இடிச்சிட்டுப் பெருசா கட்டிக்கலாங்களா ஒய்.பி.?" மண்டபமே சிரிச்சுது. நான் விடுவேனா? "குசினி என்ன குசினி, மாடியே கட்டிக்கம்மா"ன்னேன். எல்லாம் வீடியோல இருக்கு, லோஷினி பேஸ்புக்ல போட்டுடுச்சு. நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. பதினாலு புக்லயும் 'உங்கள் சொந்த வீட்டுக்கு அன்புடன்'னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தேன்.

என்னமோ கோர்ட்டு, வாக்குறுதின்னு மூணு லெட்டர் எழுதினீங்க. வானம் இடிஞ்சு விழுந்துச்சா? சட்டம் படிச்சவங்களுக்கு ஊருல ஒருத்தன் சந்தோஷமா இருந்தா அதுல என்ன கேஸு இருக்குன்னுதான் தேடத் தோணும்.

உங்களுக்கும் ஒரு புக்கு அனுப்புறேன். முன்னுரையில உங்களுக்கு நன்றி போட்டிருக்கு. பதினாலாவது ஆளா.

குணாளன்


தங்காக்
12 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை கிரகோரிக்கு,

இதை நானே எழுதுறேன். லோஷினிகிட்ட குடுக்கல. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க.

ஜூலைல காலி பண்ற நோட்டீஸ் குடுத்தேன். யாரும் கத்தல, சண்டைக்கு வரல. கிருஷ்ணம்மா வழக்கம்போல கடைக்கு வந்து துணி கிழிச்சா. எனக்கு டீ கூட கொண்டாந்து வெச்சா. நானும் அடங்கிட்டாங்கன்னு நெனச்சேன்.

நேத்து மூவார்ல இருந்து ஒரு லாயர் லெட்டர். தேன்மொழின்னு பேரு, சின்னப் பொண்ணு. உள்ள எண்பத்தெட்டாம் பக்கம். நான் கையெழுத்துப் போட்ட பதினாலு பக்கம். வீடியோல நான் பேசினது வார்த்தைக்கு வார்த்தை. அப்புறம் சிமெண்டு, செங்கல், ஓடு வாங்கின ரசீது. மாப்பிள்ளை, மே மாசமே பதினாலு பேரும் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. கிருஷ்ணம்மா சேமநிதியில இருந்து எடுத்து குசினி கட்டி, மேல ஒரு ரூமும் போட்டுட்டா. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல, யாரும் எனக்குச் சொல்லவும் இல்ல.

நெலத்து மேல கேவியட் போட்டுட்டாங்க. யாருக்கும் விக்க முடியாது. கம்பெனிக்காரன் இன்னும் ரெண்டு மாசம்தான் பாப்பானாம். கட்சியில இருந்து போன் பண்ணி, "என்ன இது, ஏழைங்க வீட்டைப் புடுங்குறீங்களாமே"ன்னு கேக்குறாங்க. என்னத்த சொல்ல?

ஒரு வழி யோசிச்சிருக்கேன். சின்னத்தம்பி வாத்தியாரு, "நானே கற்பனையா எழுதினேன், ஒய்.பி.க்குத் தெரியாது"ன்னு சத்தியப் பிரமாணம் பண்ண ஒத்துக்கிட்டாரு. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அச்சுக்குப் போறவரைக்கும் நான் அந்தப் பக்கத்தைப் பாக்கலன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.

ஒண்ணு மட்டும் நேரா கேக்குறேன். அவங்களைத் தூண்டி விட்டது நீங்களா?

குணாளன்


பத்து பாகாட்
18 ஆகஸ்ட் 2025

மாண்புமிகு குணாளன் அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை. இல்லை. தேன்மொழி என்பவரை நான் பார்த்ததில்லை. பிப்ரவரியில் கடையில் துணி வாங்கியதற்குப் பின் கிருஷ்ணம்மாவுடன் ஒரு சொல்லும் பேசவில்லை. உங்களிடம் டீ கொண்டுவந்து வைத்தவர் உங்களைவிட நிதானமானவர் என்பதை ஏற்க உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது. அதனால்தான் வேறொருவரைத் தேடுகிறீர்கள்.

நீங்கள் கேட்ட வரியை எழுதமாட்டேன். அது பொய். ஜனவரி 9, பிப்ரவரி 3, மார்ச் 5 ஆகிய நாள்களில் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதினேன். அதைப் பெரிதாக்கியதாக நீங்களே பதில் எழுதினீர்கள். எல்லாக் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. நானாகக் கொண்டுபோய் எவரிடமும் காட்டமாட்டேன். நீதிமன்றம் கேட்டால், என் முதல் கடிதத்தில் சொன்னபடி அவை வழக்கறிஞர் கடிதங்கள் அல்ல. மறைக்க எனக்கு உரிமை இல்லை.

சின்னத்தம்பி ஐயாவை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். இந்த வயதில் பொய்ப் பிரமாணம் செய்து சிறைக்குப் போக வேண்டுமென்றால், அதற்கு உங்களைவிடத் தகுந்த ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கட்டும்.

உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சாட்சிக் கூண்டில் ஏறி, 'அறுநூறு பேர் முன்னிலையில் நான் பொய் சொன்னேன், என் வரலாறு பொய், என் கையெழுத்தும் பொய்' என்று சத்தியம் செய்வது. சட்டப்படி அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படியும் தோற்கலாம். மற்றது, பதினான்கு உரிமை மாற்றுப் படிவங்களில் கையெழுத்திடுவது. நிலமும் பெயரும் ஒருங்கே உங்களிடம் இருக்கும் மூன்றாவது வழியை, அந்த ஆறடிச் சாவியைத் தூக்கிய நாளில் நீங்களே மூடிவிட்டீர்கள்.

நான் நீக்கச் சொன்னால் நீங்கள் பெரிதாக்குவீர்கள் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்களை முப்பத்தொரு ஆண்டுகளாக அறிவேன். மூன்று முறையும் நான் சொன்னது சரியான அறிவுரை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தருவதற்கில்லை.

கிரகோரி


தங்காக்
15 செப்டம்பர் 2025

வழக்கறிஞர் கிரகோரி அவர்களுக்கு,

திரும்ப லோஷினிதான் அடிக்குது. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல.

சைன் போடுறேன். உங்களுக்காக இல்ல, அந்தப் பொண்ணு தேன்மொழிக்காகவும் இல்ல. கட்சியில சொல்லிட்டாங்க, கேஸு நடந்தா சீட்டு இல்லன்னு. சரி, குடுக்கிறதுதான் குடுக்கிறோம், வெளிச்சத்துல குடுப்போம். தீபாவளிக்கு முன்னாடி நிலப்பட்டா வழங்கும் விழா. நீங்க மேடையில உக்காந்து என் கையெழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போடணும். குடும்பத்துல பிரச்சனை இல்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.

ஜெயிச்சிட்டதா நெனைக்காதீங்க. இதையும் நான் ஓட்டா மாத்துவேன். ரெண்டாவது பதிப்பு போடுறேன், எண்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு எழுத்தும் மாத்த வேண்டியதில்ல. மொத்த புக்லயும் உங்களால குத்தம் சொல்ல முடியாத பக்கம் அது ஒண்ணாத்தான் இருக்கும். லோஷினி, சிரிக்காம அடி.

குணாளன்
சட்டமன்ற உறுப்பினர்


பத்து பாகாட்
19 செப்டம்பர் 2025

மாண்புமிகு குணாளன் அவர்களுக்கு,

மேடையில் நான் சாட்சிக் கையெழுத்து இடுவதில்லை. அக்டோபர் 7, காலை பத்து மணி, என் அலுவலகம். அடையாள அட்டையின் அசலைக் கொண்டுவாருங்கள். புகைப்படக்காரர் வாசலுக்கு வெளியே நிற்கலாம். மழை பெய்தால் அது அவர் பொறுப்பு. விழாவைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளுங்கள்.

கிரகோரி


பத்து பாகாட்
9 அக்டோபர் 2025

மச்சான் அவர்களுக்கு,

பதினான்கு படிவங்களும் இன்று காலை நில அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். நேற்று முன்தினம் நீங்கள் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போனீர்கள். வாசலில் எடுத்த படத்தை மாலையே பார்த்தேன். நீங்கள் சிரிக்கிறீர்கள், பதினான்கு குடும்பத்தாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது.

நீங்கள் போனபின் நடந்த ஒன்றை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் பேருந்துக்குப் போய்விட்டார்கள். நகல்களை வாங்கிக்கொள்ள கிருஷ்ணம்மா மட்டும் இருந்தார். வாழ்த்துச் சொன்னேன். அவர் உட்கார்ந்தபடியே, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே ஐயா" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

"ஒய்.பி. மேடையில சொன்னது பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? என் சாவிய வாங்கி எனக்கே குடுக்கிற ஆளு. அன்னிக்கு விழா முடிஞ்சு வர்ற வழியில பஸ்ஸுல நாங்க சிரிச்ச சிரிப்பு. ஆனா அவரு வாயத் தொறந்தாரு பாருங்க. அதுல நாங்க பிடிச்சிக்க ஒரு வார்த்தை கெடச்சிச்சு. நீங்க பொய்யே சொல்லல. பதினாறு வருஷமா ஒண்ணுமே சொல்லல. உங்களை வெச்சிக்கிட்டு நாங்க எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

தொழில் சத்தியம் என்று ஒன்று இருப்பதை விளக்கத் தொடங்கினேன்.

"தெரியுங்க. தேன்மொழிப் பொண்ணு சொல்லுச்சு. லாயரு தன் கட்சிக்காரன் ரகசியத்தைச் சொல்லக் கூடாதாம். சரி, அந்தப் பேப்பரை விடுங்க. கடைக்கு வந்தப்ப, 'ஒரு தடவை நில ஆபீஸ்ல போய் யாரு பேருல இருக்குன்னு பாருங்கம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? அதுவும் ரகசியமாங்க?"

அது இரகசியமன்று. எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஜனவரியில் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவருக்குச் சொல்லவில்லை.

அவர் நகல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "பரவாயில்லைங்க ஐயா. நீங்க கடைசி வரைக்கும் தப்பே பண்ணாம இருந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபம் இல்லை. கடையில் கூடுதலாகக் கிழித்த துணியை ஓரமாக வைப்பதுபோல் சொன்னார்.

அவர் சொன்னதில் முற்பாதி உங்களைப் பற்றியது. உங்களைப் பற்றி, உங்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒருவர் சொன்ன நல்ல சொல் வேறெதையும் நான் கேட்டதில்லை. அது உங்களுக்குச் சேர வேண்டியது. நான் வைத்துக்கொள்வது முறையாகாது என்பதால் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

பிற்பாதி என்னுடையது.

கிரகோரி